தாமதம் தகுமா?

மோட்டார் வண்டி செய்யும் கம்பெனி, தான் விற்ற வண்டியில் குறை இருப்பதாகத் தானே ஒப்புக்கொண்டு, அதைக் கொண்டுவந்தால் செலவின்றிச் சரி செய்து தருவதாக அறிவிப்பது இக்காலத்தில் சாதாரண விஷயமாகிவிட்டது. 'ரீகால்' என்று வழங்கும் இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடே. குறையை மறைப்பதினும் ஒப்புக்கொள்வது மேல் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. ஆயினும் அறிவிப்பு வேறு, பழுது தீர்வது வேறு. கடிதம் வீடு வந்து சேர்கிறது. வண்டிக்குரியவர் பட்டறைக்குப் போகிறார். "சாமான் இன்னும் வரவில்லை, வந்ததும் சொல்லி அனுப்புகிறோம்" என்ற பதில் கிடைக்கிறது. வாரங்கள் மாதங்களாகின்றன. அதுவரையில் அவர் அதே வண்டியில்தான் காரியாலயத்துக்குப் போகிறார். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். குறை யாதெனில், பெட்ரோல் கசிவு!

கம்பெனியின் கடமை அறிவித்த நாளில் தீர்கிறதா, அல்லது நல்ல சாமானைப் பொருத்திக் கொடுத்த நாளில் தீர்கிறதா? இதுவே இன்று நாம் ஆராய விரும்பும் கேள்வி. பொருத்திய நாளில்தான் தீர்கிறது என்பது நமது முடிவு. இடைப்பட்ட காலத்தில் நேரும் அபாயம் யார் தலையில் விழ வேண்டும் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவேண்டும் என்றும் கருதுகிறோம்.

பெட்ரோல் கசிவை மற்றக் குறைகளோடு சேர்த்து எண்ணலாகாது. கதவின் பிடி தளர்ந்தாலும் கண்ணாடி ஏறாமல் நின்றாலும் அசௌகரியம் உண்டே தவிர உயிருக்குப் பயமில்லை. பெட்ரோல் அப்படிப்பட்டதன்று. தீப்பற்றுவது திரவமன்று, அதிலிருந்து எழும் ஆவியே. அவ்வாவி காற்றினும் கனமானது. ஆகையால் மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தரையாய்ப் படர்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். கடுங்குளிரிலும் பெட்ரோல் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். நம் நாட்டுச் சித்திரை வெயிலில் கேட்க வேண்டுவதில்லை. டாங்கியின் உள்ளே பம்பு ஒன்று பெட்ரோலை அழுத்தி இஞ்சினுக்கு அனுப்புகிறது. பம்பு டாங்கியோடு சேருமிடத்தில் ஒரு ரப்பர் வளையம், பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாய், இஞ்சின் வரை ஓடும் குழாய்கள், அவற்றின் மூட்டுகள் ஆகிய இவற்றில் எங்கேனும் மயிரிழை அளவு வெடிப்புக் கண்டால் போதும்; அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் வெளியே வரும். இஞ்சின் பக்கம் கசிந்தால் சூடேறிய இரும்பு அருகிலேயே இருக்கிறது. பின்புறம் கசிந்தால் ஒரு மோதலில் எழும் பொறியே போதும். ஓடும் வண்டியில் காற்று வாசனையை அடித்துக்கொண்டு போய்விடும். ஆதலால் உள்ளே இருப்பவர்க்கு முன்னெச்சரிக்கை கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. இத்தகைய குறையை ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பதும் தீர்ப்பதுதான் என்று எப்படிச் சொல்வது?

தாமதத்தின் விலை என்ன என்பதை அமெரிக்கா கற்றுக்கொண்ட விதத்தை நம்மவர் அறிந்திருத்தல் நலம். போர்டு கம்பெனியின் 'பிண்டோ' என்னும் சிறு வண்டியில் பெட்ரோல் டாங்கி பின் அச்சுக்கும் பம்பருக்கும் இடையே இருந்தது. பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதினால் டாங்கி நசுங்கும். ஊற்றும் குழாய் பிடுங்கிக்கொள்ளும். பல வருஷம் இதைப்பற்றிய பேச்சும் வழக்கும் நடந்தபின், 1978-ம் வருஷம் ஜூன் மாதம் 9-ந் தேதி கம்பெனி சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. டாங்கிக்கு முன்னே பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று வைப்பதும், ஊற்றும் குழாயை நீளமாக்குவதுமே பரிகாரம். பெரிய யந்திர வேலை ஒன்றுமில்லை. ஆயினும் அச்சாமான்கள் ஏஜெண்டுகளிடம் வந்து சேரச் செப்டம்பர் மாதம் ஆயிற்று.

அந்த இடைக்காலத்தில், ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி, இண்டியானா மாகாணத்துச் சாலையொன்றில் 1973-ம் வருஷத்துப் பிண்டோ வண்டி ஒன்றைப் பின்னாலிருந்து ஒரு வான் வண்டி மோதியது. தீயில் மூன்று இளம் பெண்கள் மாண்டார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கம்பெனியின் ரீகால் கடிதம் அடுத்த வருஷத்தில்தான் வந்து சேர்ந்தது! மாகாணச் சர்க்கார் கம்பெனியின்மீதே குற்ற வழக்குத் தொடர்ந்தது. கம்பெனிகளையும் இவ்வித மரணத்துக்குப் பொறுப்பாக்கும் சட்டம் அங்கே ஜூலை 1-ந் தேதிதான் அமலுக்கு வந்திருந்தது. எனவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுழன்றது: அந்த 41 நாட்களில் ஜனங்களை எச்சரிக்கவும் வண்டியைத் திருத்தவும் கம்பெனி செய்யவேண்டியதைச் செய்ததா? தன்னால் இயன்ற வேகத்தில் ரீகால் வேலையை நடத்தியதாகக் கம்பெனி வாதாடியது. 1980-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஜூரிகள் அதைக் குற்றமற்றதென விடுவித்தார்கள். தீர்ப்பை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. ஒரு தேசத்தின் நியாயஸ்தலம் வண்டியின் அமைப்பை மாத்திரம் விசாரிக்காமல், நாட்களை எண்ணி விசாரித்தது. தாமதமும் குற்றமாகக்கூடும் என்ற எண்ணம் அன்றே சபையேறிவிட்டது.

ஆயினும் கற்ற பாடம் நிலைத்ததா? இல்லை. முப்பத்தைந்து வருஷம் கழித்து அதே கதை ஜீப் வண்டியில் திரும்பவும் நடந்தது. கிரைஸ்லர் கம்பெனியின் பழைய 'கிராண்ட் செரோக்கி', 'லிபர்டி' வண்டிகளிலும் டாங்கி பின் அச்சுக்குப் பின்னேதான் இருந்தது. 2009-ல் ஒரு பொதுஜன சங்கம் மனுச் செய்துகொண்டது. 2010-ல் சர்க்காரின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகா விசாரணை தொடங்கிற்று. 2013-ம் வருஷம் ஜூன் மாதத்தில், பின்மோதல் தீயில் 51 பேர் இறந்திருப்பதாகக் கணக்கிட்டு, 27 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அவ்விலாகா கேட்டது. கம்பெனி முதலில் பகிரங்கமாக மறுத்தது. தன் வண்டியில் குறையில்லை என்றது. இரண்டு வாரத்தில் பேச்சு நடந்து, சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் வண்டிகளை மட்டும் திரும்ப அழைக்க இசைந்தது. மீதிக்கு, 'வாடிக்கைக்காரர் திருப்தி' என்ற பெயரில் பரிசோதனை மாத்திரம். டாங்கியை இடம் மாற்றுவதற்கில்லை. பின்னால் டிரெய்லர் இழுக்கும் கொக்கிச் சட்டம் ஒன்றைப் பொருத்துவதே பரிகாரம்.

பரிகாரம் போதுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதுவாவது காலத்தில் நடந்ததா? ஜூன் மாதத்தில் ஒப்புக்கொண்ட கம்பெனி, அச்சட்டத்தைச் செய்து தரும் தொழிற்சாலையைத் தேர்ந்தெடுத்தது டிசம்பரில். உற்பத்தி தொடங்கியது 2014-ம் வருஷம் மே மாதத்தில். அவ்வருஷம் ஜூலையில் இலாகா கணக்குப் பார்த்தபோது, அப்போதிருந்த வேகத்தில் கிராண்ட் செரோக்கி வண்டிகளுக்கு வேண்டிய சட்டங்களைச் செய்து முடிக்கவே நாலே முக்கால் வருஷம் செல்லும் என்று தெரிந்தது. நவம்பரில் பார்த்தால், ஒப்புக்கொண்டு ஒன்றரை வருஷத்தில், பழுது தீர்ந்த வண்டிகள் நூற்றுக்கு மூன்று! அதே நவம்பர் மாதத்தில் மிச்சிகன் மாகாணத்தில் ரீகால் பட்டியலில் இருந்தும் திருத்தப்படாத லிபர்டி வண்டி ஒன்று பின்மோதலில் தீப்பற்றி, அதை ஓட்டிச் சென்ற கர்ப்பிணிப் பெண் இறந்தாள். நூற்றுக்கு மூன்று என்பது காகிதத்தில் வெறும் எண். மீதமுள்ள தொண்ணூற்றேழிலும் மனிதர் இருந்தார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுவோம். 2012-ல் ஜியார்ஜியா மாகாணத்தில் 1999-ம் வருஷத்துக் கிராண்ட் செரோக்கியில் தீக்கிரையான நாலு வயதுச் சிறுவனுக்காக நடந்த வழக்கில், 2015-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ஜூரிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு பொறுப்பு கம்பெனியினுடையதே என்றார்கள். மோதிய வண்டியின் ஓட்டிக்கு அவர்கள் வைத்த பங்கு ஒன்று. 15 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். நீதிபதி அதை 4 கோடியாகக் குறைத்தார். 2018-ல் அம்மாகாண மேல் கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. சிறுவன் இறந்த வண்டி சட்டபூர்வமான ரீகால் பட்டியலில் சேர்ந்ததே அன்று. 'திருப்தி'ப் பட்டியலைச் சேர்ந்தது! 2015-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இலாகா பகிரங்க விசாரணை வைத்து, இந்த ஜீப் உள்ளிட்ட 23 ரீகால்களைக் கம்பெனி நடத்திய விதத்தை ஆராய்ந்தது. முடிவில் 10 கோடியே 50 லட்சம் டாலர் வரை தண்டம் ஏற்பட்டது. ஜீப் சொந்தக்காரர்களுக்குச் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வண்டியை மாற்றிக்கொள்ளவும், பழுது பார்க்க வருகிறவர்களுக்கு 100 டாலர் வெகுமதி தரவும் கம்பெனி இசைந்தது. பணத்துக்கு வலி உண்டு என்று தெரிந்தவுடன் வேகமும் வந்தது. முதலிலேயே வந்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும்!

அமெரிக்கச் சட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ளத் தக்க அம்சம் ஒன்றுண்டு. கம்பெனி, வண்டியை நியாயமான காலத்துக்குள் திருத்தித் தரவேண்டும்; தராவிட்டால் வேறு வண்டி தரவேண்டும், அல்லது தேய்மானம் கழித்து விலையைத் திருப்பித் தரவேண்டும். 'நியாயமான காலம்' என்பது அவரவர் மனப்போக்குக்கு விடப்படவில்லை. வண்டியைக் கொண்டுவந்து விட்ட 60 நாட்களுக்குள் சரியாகத் திருத்தித் தராமற் போனால், அதுவே காலத்தில் திருத்தவில்லை என்பதற்கு முதல் அத்தாட்சியாகக் கொள்ளப்படும். குறையை இலாகாவுக்குத் தெரிவித்த 60 நாட்களுக்குள், பரிகாரம் தயாராயினும் ஆகாவிடினும், சொந்தக்காரருக்குக் கடிதம் போகவேண்டும் என்றும் விதி இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஜீப் விஷயத்தில் நடந்ததைக் கண்டோம். நாளைக் குறித்த சட்டத்தின் கீழேயே இப்படியென்றால், குறிக்காத இடத்தில் எப்படி இருக்கும்?

நமது தேசத்துக்கு வருவோம். இங்கேயும் பெட்ரோல் கசிவு புதிதன்று. 2010-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மாருதி கம்பெனி 'ஏ-ஸ்டார்' வண்டிகளில் சுமார் ஒரு லட்சத்தைப் பெட்ரோல் கசியக்கூடும் என்ற காரணத்தால் திரும்ப அழைத்தது. 2014-ல் அதே கம்பெனி, எரிபொருள் ஊற்றும் கழுத்துக் குழாயை மாற்றும்பொருட்டு 'எர்டிகா', 'ஸ்விப்ட்', 'டிசையர்' வண்டிகளில் 1,03,311-ஐத் திரும்ப அழைத்தது. அக்காலத்தில் நம் நாட்டில் இதற்கென்று கட்டாயச் சட்டம் கிடையாது. வண்டி செய்வோர் சங்கம் 2012-ல் தானாக வகுத்துக்கொண்ட ஒழுங்குமுறை ஒன்றே இருந்தது. சட்டமில்லாதபோதும் குறையை ஒப்புக்கொண்டு முன்வந்தமைக்குக் கம்பெனிகளுக்குரிய மதிப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஜனங்களின் உயிர் ஒருவருடைய நல்லெண்ணத்தை நம்பி நிற்பது முறையன்று.

2019-ம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்துக் குறையைத் தீர்த்தது என்று பலரும் எண்ணினார்கள். அப்பிரிவின்படி, ஓட்டுபவருக்கோ, உடனிருப்பவருக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு செய்யத்தக்க குறையுள்ள வண்டியைத் திரும்ப அழைக்கும்படி மத்திய சர்க்கார் உத்தரவிடலாம். கம்பெனி முழு விலையையும் திருப்பித் தரவேண்டும். அல்லது வேறு வண்டி தரவேண்டும். அல்லது திருத்தித் தரவேண்டும். 2021-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் விதிகளும் அமலுக்கு வந்தன. வண்டியின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 லட்சம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. இவையெல்லாம் நல்ல துணிவான காரியங்களே, வரவேற்கிறோம். ஆனால் மூன்று குறைகளைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை.

முதலாவது, காலம். சட்டப் பிரிவில் 'திருத்தித் தரவேண்டும்' என்று இருக்கிறதேயொழிய, இத்தனை நாளுக்குள் என்று இல்லை. நாள் குறிக்காத கடன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடன்காரன் வாசலில் நிற்பவன் கதிதான் வண்டிக்குரியவன் கதி.

இரண்டாவது, வயது. விதிகள் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளையே கருதுகின்றன. பெட்ரோல் கசிவோ முதுமையின் நோய். ரப்பர் காய்வதும், பிளாஸ்டிக் வெடிப்பதும், குழாய் துருப்பிடிப்பதும் பழைய வண்டியில்தான். மேலே சொன்ன ஜியார்ஜியா சிறுவன் இருந்த வண்டிக்கு வயது பதின்மூன்று. நம் நாட்டில் பழைய வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் யார்? புது வண்டி வாங்க வசதியில்லாத குமாஸ்தாவும், சிறு வியாபாரியும், வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவரும் அல்லவா? பாதுகாப்பு அவர்களிடம் வரும்போது முடிந்துவிடுவது நியாயமா?

மூன்றாவது, எண்ணிக்கை. வருஷத்துக்குப் பதினாயிரத்துக்கு மேல் விற்கும் கார் வகையில் 1,250 பேர் புகார் செய்தால்தான் புகாரைக் கொண்டு கட்டாய ரீகாலுக்கு வழி பிறக்கும். கண்ணாடித் துடைப்பான் வேலை செய்யவில்லை என்பதற்கு இவ்வளவு பேர் சேரட்டும், தடையில்லை. பெட்ரோல் கசிந்து தீப்பிடித்ததற்கும் 1,250 பேர் காத்திருக்கவேண்டுமா? தீ விஷயத்தில் ஒரு புகாரே விசாரணைக்குப் போதும். பரிசோதனை நிலையமோ பிற வழியோ குறையைத் தெரிவித்தாலும் சர்க்கார் நடவடிக்கை எடுக்கலாம் என்று பிரிவிலேயே இடமிருக்கிறது. அதிகாரம் இருக்கிறது, உபயோகிக்கும் மனமே வேண்டும்.

கம்பெனிகளின் தரப்பையும் கேட்போம். லட்சம் வண்டிகளுக்கு வேண்டிய சாமானை ஒரே நாளில் வார்த்தெடுக்க முடியாது என்கிறார்கள். பழைய வண்டியாயின், அச்சாமானைச் செய்த அச்சே அழிந்துபோயிருக்கும் என்கிறார்கள். அவசரப்பட்டுச் செய்த பரிகாரம் மீண்டும் பழுதாகி, இரண்டாம் முறை அழைக்க நேரும் என்கிறார்கள். இவையெல்லாம் உண்மையே. ஆனால் இவ்வுண்மைகளிலிருந்து பிறக்கும் முடிவு என்ன? சாமான் வரத் தாமதமாகும் என்றால், அந்தத் தாமதத்தின் சுமையைச் செய்தவன் தாங்கவேண்டுமே தவிர, வாங்கியவன் தாங்கவேண்டும் என்பதன்று. மாற்று வண்டி கொடுக்கலாம், வாடகை கொடுக்கலாம், கசியும் வண்டியைத் தன் செலவில் இழுத்துப்போய் வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு நாள்தோறும் செலவாகும்போது, சாமான் செய்யும் தொழிற்சாலை டிசம்பர் வரை தேர்ந்தெடுக்கப்படாமல் இராது.

ஜனங்களே வருவதில்லை, கடிதம் போட்டாலும் அலட்சியமாக இருக்கிறார்கள் என்பது மற்றொரு சமாதானம். இதிலும் பாதி உண்மையுண்டு. ஆனால் இருமுறை வந்து வெறுங்கையோடு திரும்பியவன் மூன்றாம் முறை வருவானா? அலட்சியத்தில் ஒரு பங்கு பட்டறை வாசலிலேயே விளைந்தது. அன்றியும், கடிதம் முதலில் வாங்கியவருடைய விலாசத்துக்கே போகிறது. வண்டி இரண்டு கை மாறியிருந்தால் இப்போதைய சொந்தக்காரருக்குச் செய்தியே எட்டுவதில்லை.

ஆகவே நாம் சர்க்காரையும் பார்லிமெண்டு அங்கத்தினர்களையும் கேட்பது இவையே. எரிபொருள் கசிவு, பிரேக்கு, ஸ்டீரிங் போன்ற பிராணாபாயக் குறைகளுக்கு, வண்டியைக் கொண்டுவந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் திருத்தவேண்டும் என்று சட்டத்தில் நாள் குறிக்கப்படட்டும். அதற்குள் முடியாவிட்டால் மாற்று வண்டியோ வாடகையோ தரவேண்டும் என்றும், இன்னொரு தவணையும் கடந்தால் விலையைத் திருப்பித் தரவேண்டும் என்றும் விதிக்கட்டும். இவ்விதக் குறைகளுக்கு ஏழு வருஷ வரம்பு நீங்கட்டும். ஒவ்வொரு ரீகாலிலும் எத்தனை வண்டி அழைக்கப்பட்டது, எத்தனை திருந்தியது என்ற கணக்கை மூன்று மாதத்துக்கொருமுறை பகிரங்கமாக வெளியிடச் செய்யட்டும். நூற்றுக்கு மூன்று என்ற எண் வெளிவந்தபின்தான் அமெரிக்காவில் கம்பெனி அசைந்தது என்பதை மறக்கலாகாது. 'வாகன்' என்னும் பதிவேடு சர்க்காரின் கையிலேயே இருக்கிறது. இன்றைய சொந்தக்காரர் யார் என்பது அதில் இருக்கிறது. கடிதம் அந்த விலாசத்துக்குப் போகட்டும். புகைச் சோதனைக்கு வரும்போதும், இன்ஷியூரன்ஸ் புதுப்பிக்கும்போதும், பெயர் மாற்றும்போதும் வண்டியின் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பழுது தீராத வண்டிக்குரியவரிடம் அங்கேயே சொல்லட்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு எதுவும் இல்லை.

வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. ரீகால் கடிதத்தை விளம்பரக் காகிதமென்று எண்ணி எறியவேண்டாம். பட்டறையில் சாமான் இல்லை என்றால், அந்தப் பதிலைத் தேதியிட்டு எழுத்தில் வாங்குங்கள். நாளைக்கு நியாயஸ்தலத்தில் பேசப்போவது அந்தக் காகிதமே. பெட்ரோல் வாசனை வந்தால் வண்டியை நிறுத்துங்கள். வீட்டினுள்ளோ மாடிக் கட்டிடத்தின் கீழறையிலோ வைக்காமல் வெட்டவெளியில் தள்ளி வையுங்கள். பொதுக் காரியத்தில் ஈடுபட்ட நண்பர்களும் இதைச் செல்வர்களின் குறை என்று ஒதுக்கவேண்டாம். தீப்பற்றும் வண்டியின் அருகில் சைக்கிளில் போகிறவனும் பஸ்ஸுக்கு நிற்கிறவனும் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் நுகர்வோர் சங்கங்கள் சாமானுக்காகக் காத்திருப்போரின் பெயரைத் திரட்டி, எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்துச் சர்க்கார் முன் வைக்கட்டும்.

குறையுள்ள வண்டியை விற்றது தவறாக நேர்ந்திருக்கலாம். மனிதன் செய்யும் யந்திரத்தில் தவறு வருவது இயல்பு. தவறு தெரிந்த பின் கழியும் ஒவ்வொரு நாளும் தவறன்று. அது தெரிந்தே எடுக்கும் தீர்மானம். அத்தீர்மானத்துக்குப் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் நாள் குறித்துச் சொல்லட்டும். தீ நாள் பார்த்து வருவதில்லை.